தாமதமாக வருகிறவன் கதை சொல்ல வேண்டும்

7-7-1952
இன்டர்மீடியட் புதுப் பையன்களுக்குக் 'கற்பனைப் பயிற்சி' என்று தினமும் முதல் மணியை என் தலையில் கட்டிவிட்டார் பிரின்சிபால். கடலைப் பற்றி எழுதச் சொன்னேன். அத்தனை பேரும் முத்து, பவளம், நிலா! ராயபுரத்துக் கடலில் எவன் முத்துக் குளித்தான்? கருவாட்டு நாற்றம் ஒருத்தன் மூக்கிலும் ஏறவில்லையாம். மண்டூகங்கள்.

9-7-1952
பொய் சொல்லத் தெரியாதவனுக்குக் கற்பனை ஏது? சட்டம் போட்டுவிட்டேன். தாமதமாக வருகிறவன் இதுவரை யாரும் சொல்லாத காரணம் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் ஆஜர். சப்பென்று இருந்தால் ஆப்சென்ட், வெளியே போ.

15-7-1952
வண்ணாரப்பேட்டை மளிகைக்காரர் மகன் மாசானம்: "கப்பல்ல வந்த குரங்கு ஒண்ணு எங்க கடைக்குள்ள பூந்து மொளகா மூட்டைய அவுத்துட்டுது சார். அது தும்மி முடிக்கிற வரைக்கும் ஐயா என்னைய விடல." ஆஜர்!

காசிமேட்டுத் தேசப்பன் மறுபடி அதே பாட்டு: "அப்பாரை ரிக்‌ஷாவுல வச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன் சார்." துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அப்பாவாம், நெஞ்சில் கோளாறாம். ஆப்சென்ட்.

31-7-1952
தேசப்பன். ஆஸ்பத்திரி. ஆப்சென்ட்.

"ஆஜர் கொறஞ்சா பரீட்சைக்கு வுட மாட்டாங்கோ சார்" என்று கெஞ்சினான். "அப்பனை விட்டால் வேறு கதையே தெரியாதாடா உனக்கு?" என்றேன். வகுப்பே சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். இந்த மரமண்டைக்கு யார் காலேஜில் இடம் கொடுத்தது?

4-8-1952
அடேயப்பா! தேசப்பனா இது?

"அப்பாரு கப்பல் ஏறிட்டாரு சார். மூட்டை தூக்கின மன்சன், வெள்ளைத்துணி கட்டிகினு சொகுசா மேல்தட்டுல கீறாரு. கப்பல் கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னுகினு இருந்தேன். அதான் லேட்டு."

ஒரு பயல் சிரிக்கவில்லை. ஆஜர் போட்டு, முதுகிலும் தட்டிக் கொடுத்தேன். கல்லில் நார் உரித்தவன் நான்.

12-8-1952
தேசப்பன் இப்போதெல்லாம் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுகிறான். என் வைத்தியம் அப்படி. ஆசிரியர் அறையில் சொன்னேன். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள், ஆளுக்கொரு நோட்டை எடுத்து விரித்துக்கொண்டார்கள்.

20-8-1952
தேசப்பன் மொட்டைத் தலையோடு முதல் பெஞ்சில்.

"என்னடா, திருப்பதியா?"

"இல்ல சார். நேத்து அப்பாருக்குக் காரியம்."

"எப்போடா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"அன்னிக்கே சொன்னேனே சார்."

பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். பாதியில் மாசானம் மூச்சிரைக்க வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு, பெரிய கதை வைத்திருந்தான் போல. அவன் வாயைத் திறப்பதற்குள், "போய் உட்காருடா" என்றேன்.