உருளைக்கிழங்கு சுமந்த சேலை

வைகாசி, வெள்ளிக்கிழமை.

பேரன் ரூபன் இங்கே கனடாவில், மார்க்கம் நகரில் எஞ்சினியர். பேத்தி துஷி அடுத்த வருடம் பல் டொக்டர். கடைக்குட்டி ஆரணி யூனிவர்சிட்டியில் மெடல் எடுத்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட என்ன வேண்டும் என்று இன்று காலைவரை பெருமையாக இருந்தேன்.

ஆரணி இப்போது பெரு நாட்டு மலையில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறாள். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று, அந்த வீட்டு மனுசிக்கு என் கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் சேலையை ஆரணியிடம் கொடுத்து அனுப்பினேன். இன்று வீடியோ போனில் பேசும்போது ஆரணிக்குப் பின்னால் அந்த மனுசி தோட்டத்தில் நடந்து போகிறா. முதுகில் மூட்டை. மூட்டைத் துணி என் சேலை!

"என்னடி உது? என்ரை சேலைக்குள்ளை என்ன?"

"உருளைக்கிழங்கு, அம்மம்மா. எவ்வளவு பாரமும் தாங்குதாம். ஷி லவ்ஸ் இட்!"

"கொம்மாவின்ரை கலியாணத்துக்கு ஒரேயொரு நாள் கட்டினதடி!"

"குடுத்தாப் பிறகு அது அவவின்ரைதானே?"

போனை வைத்துவிட்டேன்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் நானில்லை. அந்த மனுசிக்கு அது சேலையென்று எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவள் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். மெடல் எடுத்தவளுக்கு ஒரு சேலை கட்டிவிடத் தெரியாது. அவளுக்குப் பழக்காத என்மேலும்தான் ஆத்திரம்.

ஆரணி, நாளைக்குப் போன் எடு. நான் சொல்லச் சொல்ல அந்த மனுசிக்கு முன்னால் மடித்துக் கொய்யகம் வைத்துச் சேலையைக் கட்டிவிடு. பக்கத்தில் நீயும் நின்று ஒரு படம் எடுத்து, நான் சுவரில் மாட்டத் தபாலில் அனுப்பு.