இரண்டாம் பாகத்துக்குக் கையெழுத்து

இந்தாய்யா,

சோறு அடுப்புமேல் மூடியிருக்கு. இடுப்பு மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு. பதினொன்றுக்குத் தண்ணீர் நின்றுவிடும், ஒரு வாளி பிடித்து வை. ஆனால் தூக்காதே, அப்படியே கிடக்கட்டும்.

பத்து மணிக்கு சினிமா கம்பெனி ஆள் வருகிறான். அந்த விண்வெளிப் படத்துக்கு இரண்டாம் பாகமாம். ஹீரோவுக்குப் பதிலாக மறுபடியும் நீதான் கயிற்றில் தொங்கிப் பறக்கணுமாம். நேற்று இதைச் சொல்லும்போது உனக்கு வாயெல்லாம் பல்.

முதல் பாகத்தில் உலகத்தைக் காப்பாற்றினது அவன், கயிறு அறுந்து விழுந்தது நீ. நாலு மாசம் உன்னைத் தூக்கிக் கக்கூஸில் உட்கார வைத்தது எந்த சூப்பர் ஹீரோ? பகலெல்லாம் செங்கல் சுமந்துவிட்டு வந்த நான்தான். கேட்டால், "மூஞ்சி அவனுதா இருந்தாலும் முதுகு என்னுதுடி" என்கிறாய். அந்த முதுகுக்குத் தைலம் தேய்த்தவளிடம் அதைச் சொல்லாதே.

கையெழுத்துப் போடாதே. போட்டால், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பு. இந்தத் தடவை ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன்.

பி.கு.: பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தானே விடிந்ததும் விடியாததுமாகப் பேனாவைத் தேடிச் சட்டைப்பையில் குத்தி வைத்திருக்கிறாய்?