கிருஷ்ணாயில் டின் மல்லி

துருப்பிடித்த தகரத்தின் மேல் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வருமே, உனக்குத் தெரியும். இன்று காலை மல்லிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அது முகத்தில் அடித்தது. கையில் சொம்போடு அப்படியே குந்திவிட்டேன். முழங்கால் வேறு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உட்கார ஒரு சாக்கு கிடைத்தால் இப்போதெல்லாம் விடுவதில்லை.

மாசி பிறந்து நாளாகிறது. செடி துளிர்த்துவிட்டது. மார்கழியில் ஒட்ட நறுக்கி, மிச்சமிருந்த இலையையும் உருவிப் போட்டு, விறகுக் குச்சியாக நின்ற செடி இது. இப்போது கணுவுக்குக் கணு எதிரும் புதிருமாக இரண்டிரண்டு பச்சை முனை. முந்தாநாள் நொய்யரிசி அளவுதான் இருந்தது. இன்றைக்கு இலை என்று சொல்லும்படி விரிந்திருக்கிறது. உடைந்த மண்சட்டியில் இருக்கும் பன்னீர் ரோஜாவும் செக்கச் செவேலென்று தளிர் விட்டிருக்கிறது. கனகாம்பரம் மட்டும் வழக்கம்போல எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறது. சில டின்கள், சட்டி, ஓட்டை வாளி ஒன்று, இவ்வளவுதான் என் தோட்டம். இவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து ஷிப்டுக்கு அனுப்பியதற்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் நடுவில்தான் இதைப் பார்க்கப் பொழுது.

சந்தோஷப்பட வேண்டிய காலை. ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பங்குனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். கும்மிடிப்பூண்டியில் பாக்டரிகள் வர வர, எங்களைப் போன்றவர்கள் இருக்கும் போர்ஷன்களை இடித்துக் கட்டி ஆபீசர்களுக்கு விடுகிறார்கள். தப்பு சொல்ல முடியாது, அவர் வீடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து எத்தனை வீடு மாறினோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். கோபம்கூட வரவில்லை, வெறும் அலுப்பு. இந்த அலுப்பு உனக்குத்தான் புரியும். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடைக்காமல் உனக்கே எழுதுகிறேன்.

முன்பு நாம் இருந்த திருவள்ளூர் மணவாள நகர் வீட்டை நினைத்துக்கொண்டேன். வரிசையாகப் போர்ஷன்கள், பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு புழக்கடை, ஒரு கிணறு. உன் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். என்னவர் தினம் ரயிலேறி ஆவடிப் பக்கம் ஃபிட்டர் வேலைக்குப் போய்வந்தார். நீ பழவேற்காட்டுப் பெண், ஏரியில் வலை போடுகிற குடும்பம். நான் கடம்பத்தூர்ப் பக்கம் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். குடிவந்த அன்றைக்கே கிணற்றடியில் என்னைப் பார்த்து, "இன்னாமே, தண்ணி இழுக்கத் தெரியுமா?" என்று கேட்டாய். எனக்குச் சுர்ரென்று வந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் 'மே' போட்டுக் கூப்பிட்டதில்லை. பிறகு, நீ அப்படிக் கூப்பிடாத நாள் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். என் வயசுதான் உனக்கும். ஆனாலும் நான் பதிலுக்கு ஒரு நாளும் அந்த 'மே'யைப் போட்டதில்லை. வாய் வரவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். தரையில் செடி நடக்கூடாது. "செடி வேர் உட்டா குடித்தனமும் வேர் உட்டுடும்" என்பார். பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். முன்பு யாரோ ஒருவர் முருங்கையை நட்டுவிட்டு, மரத்தைக் காட்டியே வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாராம். சூடு கண்ட பூனை. அதனால் எங்களுக்கு எல்லாமே டின்னில்தான். அதையும் வெள்ளிக்கிழமை புழக்கடை கழுவும்போது ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்க வேண்டும். பழைய இடத்தில் ஈரத்தடம் தெரிந்தால்தான் அந்த அம்மாவுக்குத் தூக்கம் வரும். நாம் இரண்டு பேரும் முனகிக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்துவோம்.

நான் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த மல்லிக் கன்றை உனக்குத்தான் கொடுத்தேன். உங்கள் ஊர் மண்ணெல்லாம் உப்பு, பூச்செடி என்றால் பூக்காரி கூடையில் பார்த்ததோடு சரி என்று நீ சொன்னதால் கொடுத்தேன். கிருஷ்ணாயில் டின்னை மேலே வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டாய். முதல் மாசியில் அது துளிர்த்தபோது நீ பண்ணிய ரகளை இருக்கிறதே! அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்றாலும் விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். இது நேற்று இல்லை, இது காலையில் இல்லை, இந்தக் கணு இன்னும் யோசிக்கிறது என்று. இலைக்காம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் மொட்டை நகத்தால் தொடப் போய், தொடாமலே கையை இழுத்துக்கொள்வாய். அடுத்த மழைக்காலத்தில் அதில் ஒரு கிளையை வளைத்து, என் டால்டா டின் மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் வைத்துப் பதியம் போட்டாய். வேர் பிடித்ததும் தாய்ச்செடியிலிருந்து அறுத்து என் பக்கம் தள்ளினாய். இன்று காலை நான் தண்ணீர் ஊற்றியது அந்தச் செடிக்குத்தான். டின் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பிறகு நீ உண்டானாய். ஐப்பசியில் வளைகாப்பு போட்டு உங்கள் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற அன்று வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து என்னிடம் ஒன்று சொன்னாய். "தண்ணி ஊத்து. மார்கழில நறுக்கு. ஆனா நான் வர்ற வரிக்கும் டின்ன மட்டும் நவுத்தாத." உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமாம். ஆள் படகில் ஏரிக்குப் போயிருந்தால், திரும்புகிற வரைக்கும் அவர் வைத்த பொருளை வைத்த இடத்திலிருந்து எடுக்க மாட்டார்களாம். பிரசவமும் அப்படித்தான், போய்த் திரும்புகிற காரியம் என்றாய். எனக்கும் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா முறைத்தபோதெல்லாம், பிள்ளைத்தாய்ச்சி வைத்துவிட்டுப் போனது, அவள் வரட்டும் என்று சமாளித்தேன். அந்த அம்மாவும் பெண்தானே. முனகிவிட்டு விட்டுவிட்டார்.

மாசி முடிகிற சமயம் நீ பெண் குழந்தையோடு வந்தாய். குழந்தையைக்கூட இறக்கிவிடாமல் நேராக உன் செடியிடம் போனாய். டின் எது, செடி எது என்று தெரியாத அளவுக்குத் தழைத்திருந்தது. என் டால்டா டின் செடி தொத்தலாக நாலு கிளையோடு நிற்க, பக்கத்தில் உன்னுடையது புதர். பங்குனியில் கொத்துக் கொத்தாக மொட்டு. சாயங்காலம் புழக்கடைக் கதவைத் திறந்தாலே வாசனை வீட்டுக்குள் வரும். நீ மீன் கழுவிய தண்ணீர் ஊற்றியதால்தான் என்றார்கள், குழந்தை பிறந்த ராசி என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் உன்னிடம் மீன் கழுவிய தண்ணீரை வாங்கி என் செடிக்கு ஊற்றினேன். எறும்புதான் வந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மொட்டு வைத்திருக்கும்போது அசைத்தால் கொட்டிவிடும் என்று அந்த மாதமும் டின்னை நகர்த்தவில்லை.

சித்திரையில் வீட்டுக்காரம்மாவின் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, உங்கள் போர்ஷனைக் கேட்டுவிட்டார்கள். உன் வீட்டுக்காரருக்கும் லாரி வேலை சரியில்லை. பழவேற்காட்டுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தீர்கள். சாமானெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டுக் கடைசியாக உன் வீட்டுக்காரர் மல்லி டின்னைத் தூக்கப் போனார். அது அசையவில்லை. என்னவர் போய் ஒரு கை கொடுத்தார். கிளீனர் வந்தான். பக்கத்துப் போர்ஷன்காரரும் வந்தார். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. டின்னை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், அடித்தகரம் துருப்பிடித்து இற்றுப்போய், அதன் வழியாகச் சுண்டுவிரல் கனத்துக்கு வேர் நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மீன் தண்ணீரும் இல்லை, ராசியும் இல்லை. நீ இல்லாத மாதங்களில் அது தரையைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது.

எல்லாரும் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தோம். கத்துவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உன்னிடம், "இந்த வெய்யில்ல வெட்டினா பொழைக்காது. அது பாட்டுக்கு நிக்கட்டும், நான் தண்ணி ஊத்திக்கிறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. செடி பிழைத்தது, நானும் தினம் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் முகத்தைப் பார்த்தேன்.

நீ குழந்தையை என் கையில் கொடுத்தாய். செடிக்கு முன்னால் உட்கார்ந்து மொட்டுகளை ஒன்று விடாமல் பறித்தாய். வெடிக்காத பிஞ்சு மொட்டையும் விடவில்லை. முந்தானையில் கட்டிக்கொண்டு போய் வீட்டுக்காரம்மாவின் கையில் கொட்டி, இது உங்கள் மண் கொடுத்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாய். அப்புறம் கிளீனரிடம் லாரியிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்துவரச் சொன்னாய். நான் வேண்டாம் என்று உன் தோளைப் பிடித்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எனக்கு எடம் இல்லாத ஊட்ல என் செடிக்கு மட்டும் இன்னாத்துக்கு மே எடம்?"

ஒரே வெட்டு. வேர் வெள்ளையாக இருந்தது, ஈரமாக இருந்தது. டின்னைச் சாக்கில் சுற்றி லாரியில் உன் காலடியில் வைத்துக்கொண்டாய். திரும்பிப் பார்க்கவில்லை.

செடி பிழைக்கவில்லை. உன் வீட்டுக்காரர் ஒரு நாள் திருவள்ளூர் வந்தபோது நீ சொல்லியனுப்பியதைச் சொன்னார். "செடி பூடுச்சுன்னு சொல்லச் சொல்லுச்சு. நீங்க அழக்கூடாதுன்னும் சொல்லச் சொல்லுச்சு." நான் அழுதுகொண்டேதான் கேட்டேன். அடுத்த மழைக்கு என் செடியிலிருந்து ஒரு பதியம் போட்டு, வேர் பிடித்ததும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். ஏரியைப் பார்த்த குடிசை. உன் சொந்த இடம். அங்கேயும் நீ ஒரு டின்னைத்தான் தேடி எடுத்துவந்தாய். தரையில் நடேன் என்றேன். மண்ணை ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாய், வெளுத்த உப்பு மணல். "இங்க நட வேணாம்னு சொல்ல ஆளு இல்ல. மண்ணே சொல்லுது" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் நாம் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

மஞ்சள்காமாலை உன்னை இழுத்துக்கொண்டு போன சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பங்குனி. என் செடியில் பூத்ததைக் கட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், வாசலில் இருந்த உன் டின்னின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். உன் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உன் அம்மா வளர்க்கிறார். போன முறை பார்த்தபோது என்னை "இன்னா அத்தே" என்று கூப்பிட்டாள். உன் குரல்.

அந்தக் கத்தியைப் பார்த்த பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும், யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், வெள்ளிக்கிழமை மல்லி டின்னை நகர்த்திவிடுவேன். ஜுரமாக இருந்தாலும் சரி. இவர் கேலி செய்வார், இங்கே யாரடி உன்னைக் கேட்டது என்று. யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் இன்னொரு முறை அந்த வெட்டைப் பார்க்கத் தெம்பில்லை. ஆனால் போன தீபாவளிக்குப் பிறகு நகர்த்துவதை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்று இவரிடம் சொன்னேன். உன்னிடம் என்ன மறைப்பது? இங்கே சிமெண்டு போடாத மண் தரை. செடி பாட்டுக்கு இறங்கட்டும், இந்த வீட்டிலாவது இறங்கட்டும் என்றுதான் விட்டுவிட்டேன். காலி செய்யச் சொன்ன நாளிலிருந்து அந்த டின்னைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இறங்கியிருந்தால் என்ன செய்வேன்? உன்னைப் போல வெட்ட எனக்குக் கை வராது. விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. இடித்துக் கட்டப்போகிறவர்கள் தண்ணீரா ஊற்றுவார்கள்?

இதுவரை எழுதிவிட்டு, பார்த்தேவிடலாம் என்று எழுந்துபோனேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலை ஒருமாதிரி மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் டின்னைப் பிடித்தேன். வராமல் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

வந்துவிட்டது. டின்னைச் சாய்த்துப் பார்த்தேன். ஓட்டை வரைக்கும் வேர் வந்திருக்கிறது. வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளேயே சுருண்டிருக்கிறது. வாரா வாரம் நகர்த்தி நகர்த்தி நான்தான் அதை இப்படிப் பழக்கியிருக்கிறேன். கீழே மண்ணில் ஒரு சதுர ஈரத்தடம், வேறொன்றும் இல்லை. துளிர்கூட ஒன்று உதிரவில்லை. பங்குனியில் பூத்துவிடும், எந்த வீட்டில் வைத்தாலும் பூத்துவிடும்.

உன் செடியை நாலு ஆம்பளைகள் சேர்ந்து அசைக்க முடியவில்லை, மே. இதை நான் ஒருத்தியே தூக்கிவிட்டேன்.