பேட்டரி உள்ள கார்டு

12 ஜூன் 2006
மதியம் கரண்ட் போனது. ஆஸ்பத்திரி யூபிஎஸ் இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. சர்வர் திரும்ப எழுந்தபோது டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. நேற்றைய பேக்கப்பைப் போட்டேன். இன்று லேப்பில் பதிந்து பிரிண்ட் எடுக்காத பதினேழு ரிப்போர்ட் போச்சு. ரத்த மாதிரிகளையும் அதற்குள் கொட்டிவிட்டார்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து டயாலிசிஸுக்கு வரும் குஞ்சம்மாளுக்கு மறுபடி ஊசி. கையெல்லாம் ஏற்கெனவே நீலம். "காலையிலதானம்மா எடுத்தீங்க, அத என்ன பண்ணீங்க?"

என்னைத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதானே.

13 ஜூன்
நிர்வாகி தணிகாசலம் சாரிடம் நல்ல ரெய்டு கார்டு வேண்டும் என்றேன். "ரெய்டா? இன்கம்டாக்ஸா?" - சிரிக்கிறார்! ஒரே விவரத்தை இரண்டு டிஸ்க்கில் எழுதும் கார்டு சார், கரண்ட் போனால் டிஸ்க்குக்குப் போய்ச் சேராததைத் தன் பேட்டரியில் காப்பாற்றி வைக்கும் என்று பொறுமையாகத்தான் சொன்னேன்.

"யூபிஎஸ்ஸ மாத்திடலாம்மா. கார்டு எதுக்கு?"

யூபிஎஸ்ஸும் ஒருநாள் சாகும் சார் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

19 ஜூன்
கார்டு வந்தாச்சு. என்னைக் கேக்காமலே வாங்கியிருக்கார். பேட்டரி இல்ல. பெட்டி மேல மட்டும் கொட்டை எழுத்துல ரெய்டு, ரெய்டுன்னு. ஐயோ!

20 ஜூன்
பெட்டியில் ஒட்டியிருந்த பெயரை வைத்து முத்தியால்பேட்டைக் கடைக்கே போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். கடைக்காரர் எமீல் கார்டைப் புரட்டிப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குன்னு யாரும் சொல்லல மதாம். சொல்லியிருந்தா இத குடுத்திருக்கவே மாட்டேன்."

பேட்டரி உள்ள கார்டு ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார். "அவரு கண்ணு முன்னாடியே பிளக்க புடுங்கிக் காட்டுங்க."

22 ஜூன்
பழைய சர்வரில் சோதனைக்குப் பொய்ப் பெயர்களாகப் பதியவிட்டு, தணிகாசலம் சாரையே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். அவர் வாங்கிய கார்டில், பதிவாகிவிட்டது என்று திரை சொன்ன பெயர்களில் முப்பத்தெட்டு காணோம்.

"இன்னொரு வாட்டி பாக்கலாம்."

நாற்பத்தொன்று காணோம். ஐந்து தடவை பிடுங்கினார். ஒரு தடவைகூடச் சரியில்லை. பிறகு எமீல் கொடுத்த கார்டு. அதற்கும் ஐந்து தடவை. ஒரு பெயர்கூடப் போகவில்லை.

பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அந்த டயாலிசிஸ் அம்மாவுக்கு ரெண்டாவது வாட்டி குத்தினது... அன்னிக்கும் இப்படி போனதாலயா?"

ஆமாம் சார்.

23 ஜூன்
ஆர்டர் போட்டுவிட்டார். இரண்டு கார்டு, ஒன்று மாற்றுக்கு. நான் கேட்டது ஒன்றுதான்.

4 செப்டம்பர்
காலையிலிருந்து சர்வர் அறையில் பீப் பீப் என்று சத்தம். வரவேற்பில் இருக்கும் ஆதிலட்சுமி வந்து நின்றாள். "அக்கா, அத நிறுத்துங்களேன், பேஷண்ட் பேசறதே கேக்கல."

போய்ப் பார்த்தால் ஒரு டிஸ்க் செத்துக் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் கார்டு கத்தியிருக்கிறது; இன்னொரு டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருந்தது. லேப்பிலிருந்து ரிப்போர்ட் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. புது டிஸ்க்கைச் செருகினேன். மதியத்துக்குள் சத்தம் நின்றது.

என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.