தொடை சொன்ன பதில்

மதிப்பிற்குரிய அப்பாவுக்குக் கயல்விழியின் வணக்கம்.

சம்பா நடவு முடிந்ததா? முழங்கால் வலி எப்படி? இங்கே குளிர் அதிகம், மற்றபடி நான் சுகம்.

நேற்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரவேண்டிய ஓட்டக்காரர் வராததால் நானே டிரெட்மில்லில் ஏறினேன். பயப்படாதீர்கள், யாரையும் விழும்வரை ஓடவிடுவதில்லை. தொடையில் தசையின் மின்துடிப்பை அளக்கும் சென்சார் ஒட்டி, மிதமான சில வேகங்களில் கொஞ்ச நேரம் ஓடினால் போதும். எந்த வேகத்தைத் தாண்டினால் தசை சோரும் என்று கணித்துவிடலாம்.

வேகம் கூட்டியதும், "களைப்பா?" என்று கேட்டார் பேராசிரியர். நம் வீட்டில் எல்லோரும் சொல்வதுபோல, "இல்லவே இல்லை" என்றேன். பொய்யில்லை, மூச்சுகூட வாங்கவில்லை. ஆனால் திரையில், தசை சோர்ந்தால் உயரும் கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாத சோர்வை என் தொடை சொல்லிக்கொண்டிருந்தது, அப்பா! இறங்கியும் திரையைவிட்டு நகர மனமில்லை.

போனில் நீங்கள், "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பதை இனி நம்பமாட்டேன். சீர்காழி டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். அம்மாவிடம் மோர்மிளகாய் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே உங்கள் துண்டு ஒன்று, துவைக்காமல்.

ஓட்டக்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். மேலே "சுகம்" என்று எழுதியிருக்கிறேனே, அதையும் நம்பவேண்டாம்.

உங்கள் மகள்,
கயல்விழி