ராணி ஆகாயத்தில் இருந்த நேரம்

தை 18, ஞாயிறு
வாடைக்காற்று. புகையிலைக்கு இறைப்பு, கிணற்று முறை இன்று நம்முடையது. பாதியில் விட்டுவிட்டு வேலணை பஸ்ஸடிக்குப் போனேன். மகள் ராணி லண்டனுக்குப் பயணம், புருசனிடம். கொழும்பு வரை மச்சான் துணை.
என் மனுசி விளக்குமாற்றை ஒளித்து வைத்துவிட்டாள். போனவர் போய்ச் சேரும் வரை வீடு கூட்டக் கூடாது. யாழ்ப்பாணம் என்றால் பஸ் பண்ணைப் பாலம் கடக்கும் நேரம் பார்த்துக் கூட்டுவாள். இது லண்டன்.

தை 19, திங்கள்
பக்கத்து வீட்டுத் தம்பையா அண்ணை, கொழும்பில் கிளாக்கராய் இருந்தவர். "லண்டன் ஐயாயிரத்து நானூறு மைல், தெரியுமோ" என்றார்.
ஒருமுறை நெடுந்தீவுக்கு மாடு வாங்கப் போனேன். கடல் கொந்தளிப்பு, மூன்று நாள் திரும்ப முடியவில்லை. தங்கின வீட்டில் ஒடியற்கூழ். நல்ல சனம். மாடு வாங்கவில்லை. அது கிடக்கட்டும்.
மருமகன் கடிதம்: பிளேன் செவ்வாய் காலை எட்டுக்கு எழும்பும், பின்னேரம் ஐந்தரைக்கு இறங்கும், பிறகு தந்தி அடிப்பாராம். விரல் விட்டு எண்ணினோம். ஒன்பதரை மணித்தியாலம்.
"கொழும்பு ரயிலை விடக் கெதியெல்லோ" என்றாள் மனுசி.

தை 20, செவ்வாய்
வீடு முழுக்க மண். ஐந்தரை வரை மனுசி மணிக்கூட்டுக்கு முன்னால். பிறகு, விளக்கு வைக்க முன் கூட்டி, குப்பையை வாழையடியில் கொட்டினாள். சிரித்த முகம்.
தம்பையா அண்ணை வந்தார்.
"பிள்ளை இறங்கியிட்டாள் அண்ணை."
"ஆர் சொன்னது? அந்த ஐந்தரை லண்டன் மணிக்கூடு, தங்கச்சி. எங்கட நேரத்துக்கு ராத்திரி பதினொண்டு. மொத்தம் பதினைஞ்சு மணித்தியாலம். பிள்ளை இன்னும் மேலைதான்."
மனுசி வாழையடிப் பக்கம் பார்த்தாள். "நானெல்லோ அவளைக் கூட்டித் தள்ளிப்போட்டன்."
"நீர் விசர்க்கதை கதையாதையும்" என்றேன். கேட்கவில்லை. குப்பையை ஓலைக் கடகத்தில் அள்ளி வந்து அறை அறையாகத் தூவினாள். வாழைச் சருகும் சேர்த்து.
"அண்ணை, காலை எடுங்கோ."
அவர் எடுத்தார்.
சாப்பிட மாட்டேன் என்றாள். நானும் சாப்பிடவில்லை. பசிதான்.

தை 21, புதன்
தந்தி இல்லை. மனுசிக்குத் தேத்தண்ணி மட்டும்.
"குப்பை முழுக்கத் திரும்பி வந்ததோ? கொஞ்சம் காத்தில பறந்திட்டுதோ?"
"ஓம், முழுக்க வந்தது" என்றேன். என்னத்தைக் கண்டேன்.
இறைப்புக்கும் போகவில்லை.

தை 22, வியாழன்
பத்து மணிக்குத் தந்தி. தம்பையா அண்ணை வாசித்தார். சுகமாக வந்து சேர்ந்தாளாம். மனுசி மூன்று தரம் வாசிப்பித்தாள். பிறகு பாயில் விழுந்தவள்தான், பகல் முழுக்க நித்திரை.
நான் கூட்டினேன். பிறந்து இதுதான் முதல் தரம். முதுகு பிடித்துக்கொண்டது. அலுமாரிக்குக் கீழே ராணி சீப்பால் தலை இழுத்து எறிந்த மயிர்ச் சுருள் ஒன்று. அந்த மூலையை விட்டுவிட்டேன்.
மனுசி எழும்பி வந்து பார்த்தாள்.
"மூலையை ஏன் விட்டனீங்கள்?"
"கண் தெரியேல்லை."
குனிந்து பார்த்தாள். கனநேரம்.
"எனக்கும்தான்" என்றுவிட்டுக் குசினிக்குப் போனாள்.